ஒன்பதாம் கொக்கி

படிவத்தின் நான்காம் கேள்வி:
"குழுவுக்கு உங்கள் தனிப்பட்ட பங்களிப்பு யாது?"
மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
வெளியே வால்டிவியாவின் மழை
செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓயவில்லை.

நான் நேரக்காப்பாளர்.
சீட்டுக் குலுக்கியதில் விழுந்த பதவி.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் ஒன்றைக்
கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டினார்கள்.
யஸ்னா பேசிக்கொண்டே யோசிப்பாள்,
யோசிக்காதபோதும் பேசுவாள்.
எலிசேயோ ரம்பத்தை எடுத்துவிட்டான்
என்ன செய்யப்போகிறோம் என்று தெரியும் முன்பே.
ராயென் எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள்,
பிறகு தன் இஷ்டப்படி செய்தாள்.

மூன்று நாள். ஐயாயிரம் பெசோ.
ஆற்றுக்கு அப்பால் ஓராசிரியர் பள்ளி,
ஒரே அறையில் ஆறு வகுப்புகள்.
"சிக்கலைக் கண்டறியுங்கள், புதுமையாகத் தீருங்கள்"
என்றது கல்வியியல் துறையின் சுற்றறிக்கை.
சிக்கலைப் பார்க்கும் முன்பே
எங்களிடம் நான்கு தீர்வுகள் இருந்தன.
வாக்கெடுத்தோம்.
ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரு வாக்கு.
மறுபடி எடுத்தோம்.
அதே ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.
கடிகாரம் மணியடித்தது;
முட்டைதான் இல்லை.

நள்ளிரவில் யஸ்னாவின் சுழல்சக்கரம் வென்றது.
வென்றது என்ன, மற்ற மூவரும் களைத்துப்போனோம்.
ஒட்டுப்பலகை வட்டம், வகுப்புக்கு ஒரு நிறம்,
முள் நிற்கும் நிறத்துக்கு ஆசிரியையின் கவனம்.

புதன் காலை
மீன் சந்தையடியில் கடல்சிங்கங்கள் குரைக்க
சக்கரத்தைக் கைக்குழந்தைபோல்
மடி மாற்றி மடி வைத்துப் படகில் போனோம்.

பள்ளியில் அதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.
ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி
தன் பின்னக் கணக்கிலிருந்து தலை தூக்காமலே
பக்கத்துப் பொடியன் தலைகீழாய்ப் பிடித்த புத்தகத்தை
நேராக்கிவிட்டாள்.
அவள் முறையா, யார் முறை என்று
எந்த முள்ளும் சொல்லவில்லை.

சண்டை வேறொன்றுக்கு.
படகில் நனைந்து வரும் காலுறைகளுக்கு
அடுப்பருகே கம்பியில் நான்கே நான்கு இடம்.
பிள்ளைகள் பதினோரு பேர்.
அதைத் தீர்த்துவைத்தபின்தான் ஆசிரியை
வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார்.
அதற்குள் போய்விடுகிறது அரைமணி நேரம்.

திரும்பும் படகில் பேச்சில்லை.
யஸ்னாகூட ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
அப்புறம் யாரோ சொன்னோம்: காலுறை.

அன்றிரவு சக்கரத்தை எலிசேயோ அறுக்க
அசையாமல் பிடித்துக்கொண்டது யஸ்னா.
தன் சக்கரம்.
நிறங்களை அவளே சுரண்டினாள்.
விளிம்பில் கம்பிக் கொக்கிகள், இருபத்திரண்டு,
அடுப்பின் பக்கவாட்டில் மெல்லச் சுழல்வதற்கு ஒரு தண்டு.
ராயென் முதல்முறையாக "சரியில்லை" என்றாள்:
"பொடிசுகளுக்கு எட்டாது. தாழ்த்து."
தாழ்த்தினோம்.
அவள் மண்டியிட்டுக் கை நீட்டிப் பார்த்து
"இன்னும்" என்றாள்.
இன்னும் தாழ்த்தினோம்.

வியாழன் காலை மாட்டிவிட்டு
எங்கள் காலுறைகளைக் கழற்றிச் சோதித்தோம்.
எட்டு ஈரக் காலுறைகள் ஆவி பறக்கச் சுற்றின.
பிள்ளைகள் அதன்பின் எங்களைத் தொடவிடவில்லை.
ஆகவே நடுவர்களுக்குப் புகைப்படம் மட்டும்.

"இதில் கற்பித்தல் எங்கே இருக்கிறது?"
என்றார் கண்ணாடிக்காரர்.
நான்கு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம்.
நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.
மறுபடி நான்கு பேரும்.
நான் கடிகாரத்தை முடுக்கவே இல்லை என்பது
ஆறு நிமிடம் தாண்டியபின் தெரிந்தது.
இரண்டு மதிப்பெண் போயிற்று.
ஏழு குழுக்களில் ஐந்தாம் இடம்.
யஸ்னா திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
பசிக்கிறது என்றாள்.

காலுறை யோசனை யாருடையது என்று
படிவத்துக்காகக் கேட்டுப் பார்த்தேன்.
யஸ்னா ராயெனைச் சொல்கிறாள்.
ராயென் எலிசேயோவை.
எலிசேயோ என்னைக் காட்டுகிறான்.
நான் அந்தப் படகில்
தூங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வரி.
எழுதுகிறேன்:
ஒரு காலுறை. சாம்பல் நிறம், இடது கால்.
ஒன்பதாம் கொக்கியில் மறந்துவிட்டேன்.
திருப்பித் தர வேண்டாம்.